வெள்ளிக்கிழமை வந்த கான்கிரீட்

கடன் வாங்குவதில் பொற்கொடிக்கு ஈடான ஆள் ஏழு கடல் தாண்டித் தேடினாலும் கிடையாது. அவர் கேட்டால் சூரியன் நாளைய வெயிலை இன்றைக்கே கைமாற்றாகக் கொடுத்துவிடும்.

வீடு கட்ட வங்கி மட்டும் கொடுக்கவில்லை. சூலூரில் பதினெட்டு வருடம் தறி ஓட்டியவரிடம் சம்பளச் சீட்டு கேட்டது. தறிக்குச் சத்தம் உண்டு, சீட்டு ஏது? அதனால் அஸ்திவாரம் வாரவட்டிக்காரர் பணத்தில் இறங்கியது, சுவர் மகளிர் குழுக் கடனில் எழுந்தது. கூரைக்கு, மனைப் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு கோவிந்தராஜுலு ஒத்துக்கொண்டார், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி.

வியாழக்கிழமை வரவேண்டிய கான்கிரீட் லாரி, மழையால் வெள்ளிக்கிழமை வந்து நின்றது.

"அக்கா, காசு வந்தாத்தான் பம்ப் ஓடும். ரெண்டு மணி நேரத்துல இது கல்லாயிரும். அப்புறம் லாரிக்குள்ளதான் குடியிருக்கோணும்," என்றார் ஓட்டுநர் இல்யாஸ்.

பொற்கொடி அடுத்த தெருவுக்கு ஓடினார். கோவிந்தராஜுலுவின் மடியில் பணப்பை தயாராக இருந்தது.

"வெள்ளிக்கிழமை லட்சுமி ஊட்டை உட்டு வெளிய போகக்கூடாது, அம்மணி. நாளைக்கு வா."

"நாளைக்கு வந்தா லாரியத்தானுங்க ஒடைக்கோணும்."

"எங்கப்பா காலத்துலருந்து மாத்துனதில்ல."

"ஏனுங்கய்யா, பத்திரம் உங்க பீரோவுலதான இருக்குது? கடன் தீருற வரைக்கும் அது உங்க ஊடுதானுங்க. உங்க பணம் உங்க ஊட்டுக்குத்தான போகுது!"

கோவிந்தராஜுலுவுக்கு இது நியாயமாகப் பட்டது. பையை நெஞ்சோடு அணைத்து வந்து, முட்டுக்கம்புகளுக்கு நடுவே குனிந்து, வலது காலை எடுத்து வைத்தார். மூன்று செங்கல் அடுக்கிப் பால் காய்ச்சச் சொன்னார். பால் பொங்கியது. ஜன்னல் சின்னது என்று குறையும் சொன்னார், சொந்த வீடல்லவா?

"வட்டி இன்னிக்கிருந்து," என்று பையை நீட்டினார்.

"சொந்த ஊட்டுக்கு ஆராச்சும் வட்டி வாங்குவாங்களாங்க?"

லாரி ஹாரன் அடித்தது. அவர் பாலைப் பார்த்தார். பொங்கியாயிற்று, பின்வாங்க வழியில்லை.

"செரி, ஒரு மாசம் தள்ளுபடி."

பம்ப் ஓடியது. கம்பிகள்மேல் கான்கிரீட் பரவியபோது பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிமென்ட் தூசி விழுந்துவிட்டது.

நான் எழுதியதை இதுவரை வாசித்துக் காட்டியதும் பொற்கொடி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, கொழகொழன்னு கலந்து வந்த கான்கிரீட்டுல தூசி எங்கிருந்து பறந்துச்சு? அழுதேன்னே எழுது. பக்கத்துல நீயுந்தான மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்னே?"