கிளி கடித்த கொய்யா

கம்பெனி பஸ் என்னை வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊர் முனையில் இறக்கிவிடும்போது, கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையிலிருந்து நின்றபடிதான். வீட்டுக்கு வந்தால் அங்கே அடுத்த ஷிப்ட் காத்திருக்கும். கட்டிலில் என் வீட்டுக்காரர். கரும்பு டிராக்டர் ஓட்டிய மனிதர். பொங்கல் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போனது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, "தினமும் பக்கத்துல உக்காந்து சின்னச் சின்ன வார்த்தையா சொல்லுங்க, விட்டுடாதீங்க" என்றார். தண்ணி, சோறு, வலி என்று நான் சொல்வேன். அவர் என் உதட்டையே பார்த்து வாயைக் கோணுவார். "ஆ" என்று மட்டும் வரும். தண்ணிக்கும் அதே, சோற்றுக்கும் அதே. நான் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். தாகம் எடுத்தால் இடது கையால் டம்ளரைத் தட்டுவார். இது இப்படியே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை, உட்கார்ந்து பயப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பங்குனியில் என் நாத்தனார் பாகூரிலிருந்து வந்தாள், கூடைக்குள் ஒரு கிளிக்குஞ்சோடு. ஏரிக்கரையில் பனை ஒன்று சாய்ந்தபோது பொந்துக்குள் கிடந்ததாம்.

"பேச்சு வராத புள்ளைங்களுக்குக் கிளி கடிச்ச கொய்யாவக் குடுப்பாங்க இல்ல அண்ணி? அண்ணனுக்கும் குடுத்துப் பாருங்க."

"வூட்டுல கிளி வளக்கக் கூடாதுடி. பாரஸ்ட் ஆபீஸ்காரங்க பாத்தா புடிச்சிக்கினு போயிடுவாங்க."

"றெக்க மொளச்சதும் விட்டுடுங்க. ஆனா ஒண்ணு, சும்மா கிளி ஆவாது. பேசுற கிளி கடிச்சதாத்தான் இருக்கணும்."

ஆக, கடவுள் எனக்கு இன்னொரு மாணவரையும் அனுப்பி வைத்தார். குஞ்சைக் கூண்டில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். ஒரே பாடம், இரண்டு பேருக்கும். தண்ணி என்பேன். கட்டிலில் "ஆ", கூண்டில் "கீ". நாக்கு புரளட்டும் என்று பச்சை மிளகாய் கொடுத்தேன். மிளகாயைத் தின்று விதையை என் மேலேயே துப்பியது. அதற்கு றெக்கை முளைத்தது, கழுத்து வளைந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

ஆடி கழிந்த பிறகு இவர் மாறிப்போனார். டம்ளரைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். பயிற்சிக்கு உட்கார்ந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், அந்த "ஆ"கூட வராது. எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு மட்டும் இன்னா, ஆசையா?" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு லீவு நாளில் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. பெருமூச்சு ஒன்று, பிறகு: "அய்யோ, என்னால முடியலப்பா."

கை நுரையோடு அப்படியே நின்றேன். பகலில் இவருக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, வேலிக்கு அந்தண்டை நின்று சிரித்தாள்.

"இன்னிக்குத்தான் கேக்குறியா? நீ வேலைக்குப் போயிட்டா பொழுதுக்கும் இதேதான். நீ லீவு போட்டுட்டியோன்னு நானே ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தேன்."

பையை வைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்காரும்போது தினமும் நான் அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதுகூட எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது இந்தக் கிளி. நான் இல்லாத நேரத்தில் என் குரலில், அவர் தலைமாட்டிலேயே. அவர் ஏன் டம்ளரைத் தட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. துவைத்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

போனில் சொன்னதும் நாத்தனாருக்கு ஒரே குஷி. "பேசிடுச்சி இல்ல? இன்னா பேசினா இன்னா, பழத்தக் குடுங்க அண்ணி!" கூண்டுக்குள் ஒரு கொய்யாவை நீட்டினேன், கிளி ஒரு கடி கடித்தது. மீதியை எடுத்துக்கொண்டு கட்டில் வரைக்கும் போனேன். முடியல முடியல என்று கத்தும் வாய் கடித்ததை இவருக்கு எப்படிக் கொடுப்பது? நானே தின்றுவிட்டேன். நல்ல இனிப்பான பழம்.

அதற்கப்புறம் அந்தச் சொல் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். கூண்டைத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன், பூனை சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்து, பெருமூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பையைக் கீழே வைத்தேன். நான் சொல்லாமல் விட்டதைக் கிளி சொன்னது: "அய்யோ, என்னால முடியலப்பா."

"சும்மா... கெட."

கட்டிலிலிருந்து வந்தது. குழறலாகத்தான், ஆனால் அவர் குரல். கல்யாணமான நாளிலிருந்து நான் முணுமுணுக்கும்போதெல்லாம் என் மேல் வீசிய அதே சொல். அப்போதெல்லாம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாங்க சொன்னீங்க?"

அவருக்கே ஆச்சரியம். திரும்பச் சொல்லப் பார்த்தார், வேர்த்ததுதான் மிச்சம். கிளி மறுபடி ஆரம்பித்தது. அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சும்மா கெட!" இந்தத் தடவை தெளிவாகவே வந்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

எல்லாம் கொய்யாவின் மகிமை என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். போன வாரம் கூண்டைத் திறந்துவிட்டேன். கிளி முருங்கை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டது. தண்ணியும் சோறும் இவருக்கு இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் டம்ளரைத் தட்டுகிறார்.

நேற்று இரட்டை ஷிப்ட். பையை வைக்கும்போது என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது, "முடியலப்பா" என்று. சும்மா கெட என்பார் என்று நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. இடது கையால் வலது காலைப் பிடித்து இழுத்து நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். பிறகு நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்து, மெதுவாகச் சொன்னார்.

"உக்காரு."