உள்ளே இழுக்கும் விசில்

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டி வண்டியை அனுப்புவதுதான் வேலை. அந்த வேலை அவருக்கு ஒரு பென்ஷனையும் ஒரு இழுப்பையும் கொடுத்தது. பென்ஷன் மாதத்துக்கு ஒருதரம் வரும். இழுப்பு தீபாவளி கழிந்து, தலைநகரில் நாங்கள் குடியிருக்கும் ஜனக்புரியில் புகை இறங்கியதும் வந்து உட்காரும், ஹோலி வரை கிளம்பாது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் நீல நிறத்தில் ஒரு பம்ப் இருக்கும். டாக்டர்கள் இன்ஹேலர் என்பார்கள், இங்கே எல்லோருக்கும் அது பம்ப்தான். மனிதர் சாவியை மறந்து வெளியே போயிருக்கிறார். கண்ணாடியை மறந்திருக்கிறார். ஒருமுறை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் என்னையே மறந்துவிட்டு முருங்கைக்காயோடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறார். பம்ப்பை மட்டும் மறந்ததே இல்லை. வாயில் வைப்பதற்கு முன்னால் காற்றில் இரண்டு தரம் அடித்துப் பார்ப்பார். ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள் என்று கேட்டால் திருநெல்வேலிப் பேச்சில் பதில் வரும்.

"பிரேக்கு பிடிக்கான்னு பாக்காம வண்டிய எடுக்கச் சொல்லுதியா?"

எங்கள் தெருவின் குடும்ப டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கைராசிக்காரர், ஆனால் கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பரிசோதனைக் கட்டிலில் விரித்துக் கிழித்துப் போடும் காகிதத்தை நிறுத்திவிட்டுத் துவைத்த பருத்தித் துணி விரித்தார். ரிப்போர்ட்டுகளைப் போனில் அனுப்பினார். சும்மா தெம்புக்கு ஒரு ஊசி போடுங்கள் என்று வந்தவர்களைப் பூங்காவைச் சுற்றி நடக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். கரண்ட் போனால் வாசலில் உறுமிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டரும் போய், மாடியில் சோலார் தகடு வந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். சுற்றுச்சூழல் தினத்துக்குப் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறவள். இந்த டாக்டர் மறக்காமலே இருந்தது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

போன நவம்பரில் அந்தக் கிறுக்கு எங்கள் வீட்டுச் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. வழக்கமான மருந்துச் சீட்டுக்காகப் போயிருந்தோம். டாக்டர் பம்ப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் பேசியது இந்தி, நான் தமிழில் சொல்கிறேன்.

"அங்கிள்ஜி, மருந்த வெளிய தள்ளுறதுக்கு இதுக்குள்ள ஒரு வாயு இருக்கு. வண்டிப் புகையில வர்ற கரியமில வாயுவ விட, எடைக்கு எடை பாத்தா, இது பூமிய எத்தனையோ மடங்கு சூடாக்கும். இதே மருந்து தூளா, கேப்ஸ்யூல்ல வருது. அதுக்கு வாயு வேண்டாம். ஒரு சின்னக் கருவியில போட்டு நீங்களே இழுத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் ஜன்னலைக் காட்டினார். வெளியே எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"மேடம், ஊரே இப்படிக் கெடக்கு. என் பையில இருக்குற டப்பாதான் உலகத்தக் கெடுக்குதா?"

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பம்ப் இல்லாமல் அவர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவாரா என்ற பயம். போன ஜனவரியில் ஒரு விடியற்காலையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவரை மீட்டது அதுதான். பூமி சூடானால் ஆகட்டும், இவர் மூச்சு நின்றால் நான் என்ன செய்வேன்? வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. மேஜை டிராயரைத் திறந்து வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு விசிலை எடுத்து, அதற்குப் புதிதாக ஒரு வாய்க்குழலை மாட்டினார். தூள் மருந்து நுரையீரலுக்குப் போக வேண்டுமென்றால் வேகமாக இழுக்க வேண்டும். இந்த விசில் ஊதினால் சத்தம் போடாது. காற்றை உள்ளே இழுத்தால்தான், அதுவும் போதிய வேகத்தில் இழுத்தால்தான், சத்தம் போடும். கேப்ஸ்யூல் என்றதும் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு என்பதால், எல்லோருக்கும் முதல் பாடம் இந்த விசில்தானாம்.

"ஆன்ட்டிஜி, மொதல்ல நீங்க இழுத்துக் காட்டுங்க."

இழுத்தேன். விசில் வீலென்று கத்தியது.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று எப்படிச் சொல்வது? எத்தனை வருஷமாக மூச்சு விடுகிறேன். வகுப்பில் கத்தியிருக்கிறேன், இவரோடு சண்டை போட்டிருக்கிறேன், சர்ச்சில் பாட்டுப் பாடியிருக்கிறேன். அத்தனைக்கும் முன்னால் ஒரு மூச்சு உள்ளே போயிருக்க வேண்டும். அது தன் போக்கில் போனது, நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போதுதான் அதன் சத்தத்தைக் கேட்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னிடம் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று பிரமித்துப் போனேன்.

டாக்டர் வாய்க்குழலை மாற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் வாங்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஊதினார். சத்தமே இல்லை.

"உள்ள, அங்கிள்ஜி. உள்ள இழுங்க."

மறுபடியும் ஊதினார். பாவம், ஆயுசு முழுக்க ஊதிய வாய். விசிலைக் கண்டால் அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். மூன்றாவது முறை ஒருவழியாக உள்ளே இழுத்தார். தோள் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. விசில் பேசவில்லை. இன்னொரு தரம் இழுத்தபோது 'உஸ்' என்று காற்று போன சத்தம் மட்டும் வந்தது.

அவர் விசிலைக் கைக்குட்டையால் துடைத்து மேஜையில் வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, பம்ப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பரீட்சையில் தோற்றுவிட்டோம், பறித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார். அவ்வளவு பணிவாக அவர் எதையும் யாரிடமும் ஒப்படைத்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் பம்ப்பை எடுத்து அவர் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"இது ஒங்களுது. உலகத்துல பம்ப்பே இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. இழுக்க முடியறவங்க தூளுக்கு மாறட்டும். முடியாதவங்களுக்கு இது இருக்கணும். யாருக்கு எதுன்னு பாக்கத்தான் இந்த விசில். நீங்க ஒண்ணு பண்ணுங்க, காத்துல அடிக்கறத விட்டுடுங்க."

பம்ப்பை மாட்டி இழுப்பதற்கு ஒரு நீளக் குடுவையும் கொடுத்தார். அதில் மருந்து சிதறாமல் முழுதாக நெஞ்சுக்குப் போகும். இழுப்பு வராமல் தடுக்கும் தினசரி மருந்தை ஒழுங்காக எடுத்தால் நீலப் பம்ப்பைத் தேடும் நாளும் குறையும், அதுவே பூமிக்கு நல்லது என்றார். ஊருக்கெல்லாம் ஒரே சட்டம் போடுகிற ஆள் என்று அவரை எடை போட்டிருந்தேன். அவரோ உலகத்தின் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே, ஒவ்வொரு நெஞ்சிலும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரியதையும் இவ்வளவு சின்னதையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு இரைப்பு அடங்கட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தலை நிமிரவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் தோற்றுக் கிடைத்தது.

எங்களுக்கு அடுத்து, தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். ஆலூ, கோபி என்று நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், இந்தப் புகையில் கம்மிப் போயிருந்தது. டாக்டர் வெளியே வந்து அவரிடமும் ஒரு விசிலை நீட்டி விளக்கினார். அவர் தலையை ஆட்டிவிட்டு ஊதினார்.

"அந்தர், பையா, அந்தர்" என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல். "உள்ள இழுங்க, ஊதாதீங்க. நானும் அப்படித்தான் ஊதினேன்."

காய்காரர் அவரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். விசில் கிளினிக் முழுக்க நீளமாக, தடையில்லாமல் ஒலித்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். இடக்கையில் பம்ப்பைப் பிடித்தபடி வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இல்லாத ஒரு கொடியை மெல்ல அசைத்தார். "ரைட்" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு வண்டியை அனுப்பி நான் பார்த்ததே இல்லை. அவர் வண்டியில் இருந்தபோதெல்லாம் நான் வீட்டில் இருந்தேன். அந்தக் கை கீழே இறங்கும்வரை நானும் எழுந்து நின்றேன்.