மாமன் மடியும் என் பங்கும்

அப்பாவின் நிலத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தால், அது என் மகளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்ததாகுமா?

திருச்சுழி பத்திர அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் காரியத்துக்காகப் பிரான்ஸிலிருந்து வந்தவள். பரளச்சிப் பக்கம் உள்ள மானாவாரி நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அலுவலகத்துக்குள் தயாராகிறது. கூடப்பிறந்தவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இங்கே பெண்களின் வழக்கம். வேப்பமர நிழலில் அண்ணன் என் மகளை மடியில் வைத்து முறுக்கு ஊட்டுகிறார். அடுத்த வாரம் அந்த மடியில்தான் அவளுக்குக் காது குத்தப் போகிறோம்.

"உங்க நாட்டுல எப்படி தாயி?" என்கிறார் டீக்கடை அக்கா.

"அங்க நான் வேண்டாம்னு ஒதுங்குனா, என் பங்கு பிள்ளைக்குப் போயிரும்க்கா. இங்க கையெழுத்துப் போட்டா அவளுக்கும் சேத்து முடிஞ்சிரும்."

"நான் போட மாட்டேன்னு நின்னேன், செயிச்சேன். அந்த நெலம் எம்பேருல இப்ப கருவேல முள்ளாக் கெடக்கு. எம்மகளுக்குக் காது குத்துன அன்னைக்கு எங்கண்ணன் வரல. பூசாரி மடியிலதான் உக்கார வச்சோம்." கிளாஸைக் கழுவியபடி சிரிக்கிறார். "ஆமா, பங்கு நேரா பிள்ளைக்கே போற ஊருல மாமன் எதுக்கு?"

உள்ளே கூப்பிடுகிறார்கள். போய், "யோசிச்சிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். அண்ணன் தன் மடியில் தூங்கிப்போன என் மகளை மெல்லத் தூக்கி என் கையில் தருகிறார்.

இந்த இடத்தில் நின்ற அம்மாக்கள் யாராவது எழுதுங்கள். எதை விட்டீர்கள்? பிள்ளை வளர்ந்து கேட்டபோது என்ன சொன்னீர்கள்?