சர்க்கரைக்காரரோடு பத்திரிகை வைக்கப் போனோம்

இந்த வலைப்பூவில் கொடைக்கானல், வேளாங்கண்ணி என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்த முறை அம்பத்தூரிலிருந்து கரையான்சாவடி வரை போய்வந்ததை எழுதுகிறேன். மொத்தம் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. சிரிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க, சர்க்கரை நோய் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் எல்லோருக்கும் இது உதவும்.

எங்கள் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம். வேலை பெங்களூரில். எங்கள் வழக்கப்படி அப்பாதான் அவள் கையைப் பிடித்துச் சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கோ வலது காலில் ஆறாத புண். “சுகர் கட்டுக்குள்ள வந்தா புண் மூடும், நடக்கலாம். இல்லன்னா உக்காந்துதான் கல்யாணம் பாக்கணும்” என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்பது இவருடைய கண்டிப்பான உத்தரவு. அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் சாக்ஸ் போட்டு மறைத்துவிடுவார்.

இவர் ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸ் குடியிருப்புப் பழக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். நாகர்கோவில், தஞ்சாவூர், வேலூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள், ஆயுசுக்கும் பேசவும் மாட்டார்கள். நேரில் போக வேண்டும். போனால் வாயை இனிப்பாக்காமல் அனுப்ப மாட்டார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவர் வெறும் வாயோடு திரும்பினால் அவர்களுக்கே மனசு கேட்காது. நான்கு வீடு என்றால் நான்கு கேசரி.

அதனால் முந்தின நாளே நான் நான்கு வீட்டுக்கும் இவருக்குத் தெரியாமல் போன் போட்டு, “தயவுசெய்து இனிப்பு ஒண்ணும் குடுக்காதீங்க, கேட்டாலும் குடுக்காதீங்க” என்று சொல்லி வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலை. மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் திருமுல்லைவாயில் அடுத்த ஸ்டேஷன்தான், டிக்கெட் ஐந்து ரூபாய். படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். கால் சரியில்லாதவர்கள் நேராக ஆட்டோவிலேயே போய்விடுங்கள், நாங்கள் செய்தது தப்பு.

முதல் வீடு இவருடைய அக்கா ரூபி அண்ணி வீடு. உப்புப் போட்ட மோர் கொடுத்தார். இவர் குடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது, பக்கத்துத் தெருவில் நாகர்கோவில்கார நண்பர் வீடு. சர்க்கரை இல்லாத கடுங்காப்பியும் வெள்ளரித் துண்டும் வந்தன. “வேற ஒண்ணும் செய்யலியாடே?” என்று இவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். நண்பர் என்னைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன்.

அங்கிருந்து ஆவடிக்கு ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். பாதி வழியில் இவர் பேச்சு குழறியது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. என் பெயரைக் கேட்டால் தன் அக்கா பெயரைச் சொல்கிறார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், சார் காலீலயே ஊத்திகினாரா?” என்றார்.

“சுகர் கொறஞ்சிடுச்சுப்பா! எங்கயாவது நிறுத்து!”

“அட, மின்னாடியே சொல்லக்கூடாதா! தோ, கரும்பு ஜூஸ் கட கீது. சாரைப் புடிச்சிகினு குந்துங்க, நான் வாங்கியாறேன்.”

மகள் கல்யாணத்துக்கு முன்னால் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்று நான் சபதம் போட்டிருந்த கரும்புச் சாற்றை, என் கையாலேயே இவருக்குப் புகட்டினேன். சிறிது நேரத்தில் முகம் தெளிந்தது. சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துப் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

“காலைல இட்லி சாப்பிடல. நாலு வீட்டுலயும் கேசரி குடுப்பாங்க, இட்லிய விட்டா சரியாப் போயிடும்னு நெனச்சேன். லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே மருந்துன்னு சொல்லுவாங்கல்ல?”

“ஊசி போட்டுக்கிட்டீங்களே, ஊசி! இன்சுலின் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா உயிரு போயிடும்ங்க!” கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். பிறகு நான் போன் போட்டதையும் சொன்னேன். அவர் கேசரியை நம்பி இட்லியை விட்டார், நான் கேசரியை நிறுத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதேதான். டிரைவர் காத்திருந்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, “மொதல்ல சாரை இன்னாவாச்சும் துன்ன வையிங்க” என்றார்.

ஆவடியில் ஒரு சின்ன ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன், முப்பது ரூபாய். மூன்றாவது வீட்டில் பத்திரிகையை மட்டும் கொடுத்தோம். கரையான்சாவடிக்குப் பூந்தமல்லி பஸ், ஒன்பது கிலோமீட்டர். அங்கே தஞ்சாவூர்க்கார நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. போனதும் இவர் செருப்பைக் கழற்றி, கட்டுப் போட்ட காலை நீட்டி, “எனக்கு சுகர், புண்ணு ஆறணும். காய் நெறைய வைங்க, சோறு ஒரு கரண்டி போதும்” என்று தானாகவே சொன்னார். வீட்டம்மா, “இதச் சொல்றதுக்கா இத்தன வெக்கம்?” என்று கொத்தவரங்காய்ப் பொரியலை அள்ளி வைத்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கிளம்புகிறவர்களுக்கு: ஊசியோ மாத்திரையோ போட்டால் அதற்குரிய சாப்பாட்டை வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். விருந்தில் சேர்வதைப் பட்டினியில் கழிக்க முடியாது. பையில் மீட்டரும் குளுக்கோஸும் கட்டாயம். சர்க்கரை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் வயிற்றுக்கு யாரும் திட்டம் போடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கால் சரியில்லாதவர்களுக்கு ஸ்டேஷன் படிக்கட்டு வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் ஷீபா போன் செய்தாள். “எல்லாருக்கும் குடுத்தாச்சாப்பா?” இவர் ஆமாம் என்றுவிட்டு, புண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டார். ஒருவேளை நடக்க முடியாமல் போகலாம் என்பதையும் சொன்னார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். “நடக்க முடியலன்னா பீடத்துக்கிட்டயே சேர் போட்டு உக்காருங்கப்பா. நான் தனியா நடந்து உங்ககிட்ட வர்றேன்.”

புண் இன்னும் முழுதாக மூடவில்லை. ஓரங்கள் சேர்ந்து வருகின்றன என்கிறார் டாக்டர். இவர் தினமும் காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கேட்காமலேயே காலித் தட்டை என்னிடம் காட்டிவிட்டுப் போகிறார்.