சனிக்கிழமைகளில் நிரோஜா அக்கா எங்கே இருந்தார்

நான் மேசையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. "ஓம்... ஓம்... ஐயோ" என்று சொல்லிவிட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "சிவபாலன் அண்ணையின்ரை மூத்த பிள்ளை. காலமை கம்பஸுக்குச் சைக்கிளிலை போகேக்கை லொறி அடிச்சுப்போட்டுதாம். ஆள் முடிஞ்சுதாம்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த பிள்ளையல்லோ?"

"ஓம் அப்பா" என்றேன். கணக்குச் சொல்லித் தந்த ஓர் அக்காவுக்காக எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அவர்களுக்கு முன்னால் அழுதேன். மிச்சத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நிரோஜா அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். தெரிந்தவர்கள் எழுதித் தரலாம் என்று சிவபாலன் மாமா கேட்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் ரோச் லைற் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எங்கேயாவது ஒரு கதவு சத்தம் போட்டால் தாளை முதுகுக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். இதுவரை நான்கு தடவை தள்ளியாகிவிட்டது. எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அக்காவின் அம்மாவான மாமி அவருடைய அறையிலிருந்து இரண்டு தடிகளையும் ஒரு நீல வெள்ளைக் கழுத்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இது ஆற்றை? ஆருக்கேன் தெரியுமோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "ஒவ்வொரு சனியும் லைப்ரரி, லைப்ரரி எண்டு தனியக் கிடந்தாளே. என்ரை பிள்ளைக்கு ஒரு சிநேகிதமும் இல்லாமப் போச்சே" என்று அழுதார். நான் அப்போது தேநீர்த் தட்டுடன் அவருக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தெரியும். தட்டைத்தான் நீட்டினேன்.

மாமி, அக்கா தனியாக இருக்கவில்லை. அவை மேளம் அடிக்கிற தடிகள். பல்கலைக்கழக அணி ஐஸ் ஹொக்கி விளையாடும் சனிக்கிழமைகளில், கோல் வாசலுக்குப் பின்னால் ரசிகர்கள் நிற்கிற படிக்கட்டில் அக்காதான் மேளம். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் லைப்ரரிக்குப் போகவில்லை.

முதல் தடவை கணக்குப் படிக்க லைப்ரரி வாசலில் சந்தித்தபோது அக்காவின் தோளில் பெரிய நீலப் பை தொங்கியது. "இண்டைக்கு ஒரு இடத்துக்குப் போவம். கணக்கு அங்கையும் செய்யலாம்" என்றார். ஐஸ் அரங்குக்குள் போனால் நடுங்குகிற குளிர். நூறு மாணவர்கள் இருப்பார்கள், ஒருவரும் உட்காரவில்லை, எல்லோரும் நின்று கத்தினார்கள். அந்தக் கறுப்பு வட்டு போகிற வேகத்துக்கு என் கண் எட்டவில்லை. "எங்கையக்கா கிடக்கு?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன். "வட்டைத் தேடாதை. எல்லாரும் எங்கை பாக்கினமோ அங்கை பார்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு ஆட்டம் தெரியத் தொடங்கியது.

உதைபந்தாட்டம் போல இதற்கும் இரண்டு பாதி என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கணக்கில்தான் ஆறு மணிக்கு வருவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். இரண்டாவது பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டுப் பையை மாட்டினேன்.

"எங்கையடி ஓடுறாய்?"

"முடிஞ்சுதுதானே அக்கா?"

"விசரி, இன்னும் ஒண்டு கிடக்கு!"

சொன்ன நேரத்துக்கு வீட்டுக்குப் போக ஏலாது என்று விளங்கியது. என் அப்பா அடிக்கமாட்டார், ஏசமாட்டார். அண்ணா ஒரு பொய் சொல்லிப் பிடிபட்டபோது மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. "அவரை உப்பை இஞ்சாலை தரச்சொல்லு" என்று மேசையில் என்னிடம்தான் சொல்வார். அண்ணா பக்கத்துக் கதிரையில் இருப்பான். அக்கா என் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் அப்பாவுக்கு எடுத்து, "மாமா, ரண்டு கணக்கு மிச்சம் கிடக்கு, முடிச்சிட்டு அனுப்புறன்" என்றார். உண்மையிலேயே இரண்டு கணக்கு மிச்சம் இருந்தது. பஸ்ஸில் முடித்தோம். "பாத்தியே, நான் பொய் சொல்லேல்லை" என்று என் தலையில் குட்டினார்.

கணக்கும் நடந்தது, அப்பா. ஓர் ஆட்டத்தில் இரண்டு இடைவேளை. பனியைத் தேய்க்கிற வண்டி தளத்தைச் சுற்றி வரும்போது நாங்கள் படியில் குந்தி சமன்பாடுகள் செய்தோம். கையுறையோடு எழுத ஏலாது, கையுறை இல்லாமலும் எழுத ஏலாது. அப்படித்தான் என் கணக்குப் புள்ளி ஐந்திலிருந்து மூன்றுக்கு முன்னேறியது; இங்கே ஒன்றுதான் திறம், ஆறுதான் பெயில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டபோது, என்னை அறியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி "அரோகரா!" என்று கத்திவிட்டேன். கோயில் தேருக்குக் கத்துகிற அதே கத்தல். படிக்கட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தடியை எடுத்து, தேர் இழுக்கும்போது தவிற்காரர் அடிக்கிற வேகத்தில் அடித்தார். எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற லூக்காஸ் என்ற கண்ணாடிக்கார மாணவன், "என்ன சொல்லிக் கத்த வேண்டும்?" என்று கேட்டான். அடுத்த கோலுக்கு நூறு ஜெர்மன் பிள்ளைகள் கையைக் கூப்பிக்கொண்டு அரோகரா சொன்னார்கள். "முருகன் கோவிக்கமாட்டாரோ அக்கா?" என்று கேட்டேன். "அவரும் தடியோடை நிக்கிற ஆள்தானே" என்றார்.

அக்காவால் ஓரிடத்தில் நிற்க ஏலாது. இரண்டு படி இறங்குவார், மூன்று படி ஏறுவார், உதட்டைக் கடிப்பார். மியூனிக்கிலிருந்து மாணவர் அணி வந்த, அக்கா நின்ற கடைசி ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் பின்னால் நின்றோம். ஒரு நிமிடம்தான் மிச்சம். அப்போது எங்கள் கோல் காப்பாளன் வாசலை விட்டுவிட்டு வெளியே ஓடினான், அவனுக்குப் பதிலாக இன்னொருவன் தாக்க உள்ளே பாய்ந்தான். "ஐயோ, ஏனக்கா ஓடுறான்? பயந்திட்டானோ?" என்று கத்தினேன். "பயந்தவன் வாசலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். இவன் திறந்து விட்டிட்டெல்லோ போறான்" என்றார். மியூனிக்காரர் வெறும் வாசலுக்குள் வட்டைத் தள்ளிவிட்டார்கள். தோற்றோம். அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. "தோத்தாலும் எங்கடை பெடியள் எங்களுக்கு முன்னாலை வந்து நிண்டு கும்பிட்டிட்டுத்தான் போவாங்கள். அதுமட்டும் அடிக்கவேணும்" என்றார். வந்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்று தடியைத் தூக்கினார்கள், மாமி. அக்காவைப் பார்த்துத்தான் தூக்கினார்கள்.

அக்காவின் இறுதிக் கிரியை நடந்த மண்டப வாசலில் ஐந்தாறு உயரமான ஜெர்மன் பிள்ளைகள் நின்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் தடுமாறினார்கள். "கம்பஸாலை அனுப்பின ஆக்கள் போலை" என்று ஒருவர் சொன்னார். ஒருவரும் அவர்களை அனுப்பவில்லை. லூக்காஸ் என்னைக் கண்டதும் கையை உயர்த்தினான். அப்பா என் தோளோடு நின்றார். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். திரும்ப நிமிர்ந்தபோது அவன் கை இறங்கியிருந்தது. வாங்கோ என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் உள்ளே வந்து மாமியின் கையைப் பிடித்திருப்பார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அப்பா காலை வேலைக்குப் போகும்போது கொண்டுபோகிற சாப்பாட்டுப் பையில் இதை வைக்கப் போகிறேன். அப்பா, நீங்கள்தான் முதலில் வாசிக்க வேண்டும். இது மாமா கையில் போய்ச் சேரவேண்டியது. நீங்கள் கொடுக்காவிட்டால் நானே திரும்ப எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாலும் சரி.

மாமி, வருகிற சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. தடித்த காலுறை போட்டுக்கொண்டு வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். அக்காவைத் தெரிந்தவர்கள் அங்கே நிற்பார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய சனிக்கிழமைகள்தான். அவற்றை இனி என்னால் ஒளித்து வைத்திருக்க ஏலாது. நிரோஜா அக்கா எங்கே இருந்தார் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள். என் பெயர் தர்ஷிகா, பத்தாம் வகுப்பு. நான் பக்கத்தில் நின்றேன்.