பத்து நிமிடம் திறந்திருந்த விரல்கள்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். மேகமூட்டம்; மழை இல்லை; மேல்காற்று மண்ணை வாரி அடித்தது. திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டை இ-சேவை மையத்தில் பதினான்காவது ஆளாக நின்றேன். ஓய்வூதியம் தொடர வேண்டுமானால், நான் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை விரல் வைத்து நிரூபிக்க வேண்டும்.

என் முறை வந்தது. கருவி ஆள்காட்டி விரலை ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பத்து விரலையும் வைத்தேன். பத்தும் தள்ளுபடி.

"ஐயா விரலை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாரு போல" என்றார் பின்னால் நின்றவர். நாலு பேர் சிரித்தார்கள். எவனோ என் ரேகையைத் திருடிவிட்டான். இனி அரசாங்கக் கணக்கில் உயிரோடு இருப்பவன் அவன்தான் என்று நினைத்தேன்.

கணினியில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி கேட்டாள்: "நீங்களே பூட்டி வச்சிருக்கீகளா?"

அப்போதுதான் நினைவு வந்தது. மே மாதம் ஓய்வூதியர் கூட்டத்தில், இணையத் திருட்டைத் தடுக்க மத்திய அரசு வகுத்துள்ள திட்டங்களை ஓர் அதிகாரி விளக்கினார். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்றார். வந்திருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அன்றே பூட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்து நிமிடத்துக்கு மட்டும் திறக்கலாம் என்றாள். என் செல்போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது. சொல்லச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று யாருக்குப் போன் போட்டாலும் முதலில் எச்சரித்ததும் இதே அரசாங்கம்தானே?

"சொல்ல மாட்டேம்மா. நானே அடிக்கிறேன்."

இரண்டு முறை தவறாக அடித்தேன். மூன்றாம் முறை திறந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்தேன். இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நிமிடம், ஐந்து, ஆறு. நாட்டிலுள்ள அத்தனை திருடனுக்கும் என் விரல் திறந்து கிடந்தது. ஏழாவது நிமிடத்தில் சான்று பதிவாயிற்று. மிச்சமிருந்த மூன்று நிமிடமும் இரு கைகளையும் இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

நேரம் முடிந்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளும் பஸ் ஏறினேன்.

"நேத்தே முடிஞ்சுருச்சே ஐயா?"

"ஏத்துக்கிருதான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா."

விரலை வைத்தேன். கருவி ஏற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பஸ்ஸுக்கு நான்கு முறை 22 வீதம் 88. மையத்துக்கு இரண்டு நாளும் பத்துப் பத்து. ஆக 108 ரூபாய்.