பூண்டு வாசனைக் கல்

பழைய தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பம் பக்கத்தில் எங்கள் கனிம ஆய்வுக் குழு துளையிட்டு எடுத்த பாறைத் துண்டைச் சுத்தியலால் உடைத்தேன். பூண்டு வாசனை வந்தது. ஆர்சனிக் கலந்த தாதுவைத் தட்டினால் அப்படித்தான் வரும்.

சுரங்கம் மூடிய வருஷம், அங்கே வேலை பார்த்த அப்பாவும் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் இப்படி ஒரு கல்லை உடைத்தார். "இந்த வாசனை வந்தா தங்கம் கிட்டத்துலதான். மறுபடி மைன் தொறப்பாங்க, பாரு."

அவருக்குப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்த அம்மா விடவில்லை. "அப்போ நம்ம ரசத்துல இன்னா, தங்கமா கீது? ட்ரெயினுக்கு டைம் ஆச்சு, கெளம்புங்க."

அப்பா போகவில்லை. இன்றுவரை காத்திருக்கிறார்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: ஈயம் உண்டு, துத்தநாகம் உண்டு, கொஞ்சம் செம்பும் உண்டு, ஆனால் தங்கம் இல்லை; பாறைக்குள் ஓடும் தாது நரம்பும் விரலளவுதான். இதை நம்பிச் சுரங்கம் திறக்க மாட்டார்கள்.

நான் கொண்டுபோன துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சரிம்மா. அடுத்த ஓட்டை எங்க போடுறீங்க?"